பைத்தானா, சி-யா, ஸ்கிராட்சா: கையில் இருக்கிற போனைப் பார்த்து முடிவெடுங்கள்

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கரையில்தான். பரீட்சை முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருப்பதும் ஏறக்குறைய அதே நாட்களில்தான். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் "அண்ணே, கோடிங் படிக்கலாம்னு இருக்கேன், எதுல ஆரம்பிக்கட்டும்?" என்ற கேள்வி அப்போதுதான் அதிகம் வரும். வீட்டில் வரும்படி நின்றுபோன இரண்டு மாதம் என்பதால், காசு கட்டாமல் முடியுமா என்பதையும் சேர்த்தே கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

முடியும். பைசா செலவில்லாமல் படிக்கலாம். கணினிக்குக் கட்டளை எழுத உதவும் நிரல்மொழிகளில் எதில் தொடங்குவது என்பதற்குத்தான் ஊரில் ஆளுக்கொரு பதில். கல்லூரி போன அண்ணன் "சி தெரியாம ஒண்ணும் ஆகாது" என்பார். யூடியூப்பில் பார்ப்பவர்கள் பைத்தான் என்பார்கள். கீழக்கரையில் வாப்பா வளைகுடாவில் இருக்கும் வீடுகளில் "ஜாவா படிச்சா வெளிநாட்டுல வேலை" என்று ஒரு பேச்சு உண்டு. மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்று பேருமே ஒன்றைக் கேட்க மறந்துவிடுகிறார்கள்: படிக்கப்போகிறவரின் கையில் என்ன இருக்கிறது, லேப்டாப்பா, போனா? அதற்கு அடுத்தது, பள்ளியிலோ கல்லூரியிலோ இந்த வருடம் எந்தப் பாடம் வரப்போகிறது? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் முக்கால்வாசி முடிவு தானாக வந்துவிடும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினான்கு வயதுக்கு மேற்பட்ட, போன் மட்டும் வைத்திருக்கிற, யாரிடமும் கேட்க வழியில்லாத பிள்ளைக்கு பைத்தான். பிளஸ் ஒன்னில் கணினி அறிவியல் எடுத்தவருக்கு சி++. எட்டாம் வகுப்புக்குக் கீழே என்றால் ஸ்கிராட்ச். ஏன் என்பதை ஒரே கணக்கை வைத்துப் பார்ப்போம்.

ஒரு படகுக் கணக்கு

மொழிகளை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் "ஹலோ வேர்ல்டு" என்று திரையில் எழுதிக் காட்டுவார்கள். அதில் எல்லா மொழியும் நல்ல பிள்ளைதான். நம் ஊரில் தினம் நடக்கும் கணக்கைக் கொடுத்தால்தான் எது எங்கே இடறுகிறது என்பது தெரியும். இறால் 120 கிலோ, கிலோ 350 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். டீசல் 22,000, ஐஸ் 5,000. செலவைக் கழித்து மீதியை ஏழு பங்காகப் பிரிக்க வேண்டும். கையால் போட்டால் 42,000 வரவு, 27,000 செலவு, 15,000 மீதி, பங்குக்கு 2,142 ரூபாய் சொச்சம்.

இதை முதலில் சி-யில் போடுவோம். அதுவும் நம் பக்கத்துக் கணினிப் பயிற்சி மையங்கள் சிலவற்றில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் நீலத்திரை டர்போ சி-யில். கிலோவை முழு எண்ணாக வாங்கி, விலையை முழு எண்ணாக வாங்கி, பெருக்கி அச்சிட்டால் திரையில் வருவது -23536. இறால் விற்றதற்கு நாம்தான் காசு கொடுக்க வேண்டும்போல! காரணம் எளிது. டர்போ சி 1990களின் டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) காலத்து மென்பொருள். அதில் 'இன்ட்' என்ற முழு எண்ணுக்கு இரண்டு பைட் (கணினி நினைவகத்தின் சிறு அலகு) இடம்தான். அந்த இடத்தில் அதிகபட்சம் 32,767 வரை கொள்ளும். 42,000 அதைத் தாண்டுவதால் 65,536 கழிந்து எதிர்மறை எண்ணாகிவிடுகிறது. நாம் எழுதிய நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் கருவி கம்பைலர். இன்றைய ஜிசிசி கம்பைலரில் இதே 'இன்ட்' நான்கு பைட். இருநூறு கோடிக்கு மேல் வரை தாங்கும். ஆகவே குற்றம் சி மொழியின் மீது மட்டும் இல்லை, பழைய கருவியின் மீதும்தான். ஆனால் புதிதாகப் படிக்கிறவருக்கு இந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? தன் கணக்கில்தான் ஏதோ தப்பு என்று நினைத்துக்கொண்டு இரவு முழுக்க உட்கார்ந்திருப்பார்.

அடுத்தது பங்கு. சி-யில் 15000-ஐ 7-ஆல் வகுத்தால் 2142 என்று மட்டும் வரும். தசமம் சத்தமில்லாமல் வெட்டப்படும். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் முழு எண்தான் என்பது அதன் சட்டம். ஏழு பேருக்கும் 2142 கொடுத்தால் ஆறு ரூபாய் மிஞ்சும். பைத்தானில் அதே வகுத்தல் 2142.857142857143 என்று முழுசாக வரும். முழு எண் மட்டும் வேண்டுமென்றால் இரண்டு சாய்கோடு போட்டு // என்று கேட்க வேண்டும். மிச்சம் எவ்வளவு என்று % குறி போட்டுக் கேட்டால் 6 என்று சொல்லும். எது வேண்டும் என்று நம்மைச் சொல்லவைப்பதால், தொடக்கக்காரருக்கு பைத்தான் வழி நல்லது என்பது என் கட்சி.

பைத்தான் ஒன்றும் அப்பழுக்கற்றது இல்லை. 'இன்புட்' கட்டளையில் டீசல் எவ்வளவு என்று கேட்டு வாங்கினால், அது 22000 என்ற எண்ணை வாங்காது, '22000' என்ற எழுத்துச் சரத்தை, அதாவது எழுத்துகளின் வரிசையைத்தான் வாங்கும். ஐஸையும் அப்படியே வாங்கி இரண்டையும் கூட்டினால் '220005000' என்று ஒட்டிப்போகும். எண்ணாக மாற்ற 'இன்ட்' என்று ஒரு சொல் சேர்க்க வேண்டும். இந்த இடத்தில் தடுக்கி விழாமல் பைத்தான் படித்தவர் யாரும் இருக்க மாட்டார்.

ஆனால் விழுந்த பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம். வரவான 42,000-இலிருந்து அந்தச் சரத்தைக் கழிக்கச் சொன்னால் பைத்தான் நின்றுவிடும். டைப் எரர், இத்தனையாவது வரி என்று காட்டும். இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்டிலும் இதே தவறு நடக்கும். அங்கேயும் பெட்டியில் வாங்குவது எழுத்துச் சரம்தான், கூட்டினால் அதே '220005000'தான். ஆனால் கழிக்கும்போது அது வாயே திறக்காது. சரத்தைத் தானாகவே எண்ணாக்கிக் கழித்து, மீதி -219963000 என்று காட்டும். ஒரு நாள் கடலுக்குப் போனதில் இருபத்தொரு கோடியே தொண்ணூற்றொன்பது லட்சத்து அறுபத்து மூவாயிரம் ரூபாய் நஷ்டம். கேட்க ஆள் இல்லாமல் தனியாகப் படிக்கிறவருக்கு, தவறு செய்த இடத்திலேயே நிறுத்தி வரி எண்ணைச் சொல்கிற மொழிதான் வாத்தியார். பைத்தானுக்கு நான் ஓட்டுப் போடுவதற்கு இது ஒன்றே போதும்.

இன்னொரு சோதனை. ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் டோக்கன் (மீன்துறை தரும் அனுமதிச் சீட்டு) வாங்கிக்கொண்டு கடலுக்குப் போகும். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறி, மீன்துறை தடை சொல்லிவிட்டால் டோக்கன் கிடையாது. கிழமையையும் கூண்டு எண்ணையும் கொடுத்தால் "டோக்கன் உண்டு", "இல்லை" என்று சொல்லும் நிரல் எழுத வேண்டும். 'இஃப்', 'எல்ஸ்', 'அண்ட்', 'ஆர்' நான்கையும் படிக்க இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

பேச்சில் "கிழமை திங்களோ புதனோ சனியோ" என்று சொல்லிவிடுகிறோம். அதை அப்படியே எழுதினால், அதாவது கிழமை == "திங்கள்" ஆர் "புதன்" ஆர் "சனி" என்று எழுதினால் (== என்பது 'இரண்டும் ஒன்றா' என்ற கேள்வி), பைத்தான் எல்லா நாளும் டோக்கன் கொடுத்துவிடும். வெறும் "புதன்" என்ற சரத்தைத் தனியாகப் பார்த்தால், அது காலியாக இல்லாததால் 'உண்மை' என்று எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் கிழமை == என்று திரும்ப எழுத வேண்டும். ஜாவாஸ்கிரிப்டிலும் இதே கதைதான். சி-யில் இதற்கும் முன்னாலேயே தகராறு. அங்கே இரண்டு சொற்களை == போட்டு ஒப்பிட முடியாது. ஒப்பிட்டால் சொல்லைப் பார்க்காமல், அது நினைவகத்தில் இருக்கும் முகவரியைப் பார்க்கும். கிழமையை விசைப்பலகையில் வாங்கியிருந்தால் எந்த நாளும் டோக்கன் கிடைக்காது. 'எஸ்டிஆர்சிஎம்பி' என்ற தனிக் கட்டளையைத் தேடிப் போக வேண்டும். முதல் வாரத்தில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு முகவரி, அதைச் சுட்டும் பாயின்டர் எல்லாம் எதற்கு?

அப்படியென்றால் சி வேண்டாமா

வேண்டும். யாருக்கு என்பதுதான் பேச்சு. சி 1972 வாக்கில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கியது. இயங்குதளங்களும் சின்னச் சின்னக் கருவிகளுக்குள் இருக்கும் மென்பொருள்களும் இன்றும் அதில்தான் பெரும்பாலும். நினைவகத்தில் ஒரு எண் எங்கே உட்கார்ந்திருக்கிறது, எத்தனை பைட் எடுக்கிறது என்பதையெல்லாம் சி கண்ணெதிரே காட்டும். மேலே சொன்ன -23536 கதை புரிந்தவருக்குக் கணினியின் உள்ளே நடப்பது பாதி புரிந்த மாதிரி. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் எடுத்தவர், ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணுப் பலகையை வைத்து ஏதாவது செய்ய ஆசைப்படுகிறவர், சி பக்கம் நேராகவே போகலாம். ஆர்டுயினோவில் எழுதுவது சி++ தான்.

பாடத்திட்டமும் ஒரு காரணம். தமிழ்நாடு அரசின் மேல்நிலைப் பாடத்தில் கணினி அறிவியல் எடுத்தால் பதினொன்றில் சி++, பன்னிரண்டில் பைத்தான். கணினிப் பயன்பாடுகள் எடுத்தால் பதினொன்றில் இணையப் பக்கம் அமைக்கும் ஹெச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட், பன்னிரண்டில் பிஹெச்பி. சிபிஎஸ்இ பள்ளியில் பதினொன்றிலேயே பைத்தான். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017, 2021 பாடத்திட்டங்களில் பொறியியல் முதல் செமஸ்டரில் எல்லாத் துறைக்கும் பைத்தான் இருந்தது. கணினி அறிவியலுக்கு அடுத்த செமஸ்டரில் சி. பாடத்திட்டம் மாறிக்கொண்டே இருக்கும். சேரப்போகும் ஆண்டின் தாளைக் கல்லூரியில் கேட்டு வாங்கிப் பார்த்துவிடுங்கள். கலைக் கல்லூரிக்குப் போகிறவர்கள் அழகப்பா பல்கலைக்கழகத் தாளைப் பார்க்க வேண்டும்.

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் "சி++ வேண்டாம், பைத்தான் படி" என்று சொல்வது உபகாரம் ஆகாது. தேர்வு, மார்க், டீச்சர் எல்லாம் சி++ பக்கம் இருக்கும்போது அதையே நன்றாகப் படிக்கட்டும். அடுத்த வருடம் பைத்தான் தானாகவே வரும், அப்போது பாதி வேலை முடிந்திருக்கும். ஒரு நல்ல விஷயம்: சி++-இல் 'ஸ்ட்ரிங்' வகையில் சொற்களை == போட்டே ஒப்பிடலாம், டோக்கன் நிரலில் அந்தத் தகராறு இல்லை. செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. நீலத்திரை டர்போவை விட்டுவிட்டு ஜிசிசி, கோட்பிளாக்ஸ் போன்ற இன்றைய கருவியில் எழுதட்டும். லேபில் டர்போதான் என்றால், தலைப்புக் கோப்பின் பெயரில் '.ஹெச்' போடுவது, 'கிளியர் ஸ்கிரீன்' கட்டளை போன்ற சில்லறை வித்தியாசங்களைத் தனியாக ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

போனா, லேப்டாப்பா

பெரும்பாலான மொழி ஒப்பீடுகளில் இந்தப் பகுதியே இருக்காது. எழுதுகிறவர்கள் எல்லோர் மேசையிலும் லேப்டாப் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். நம் பக்கம் பல வீடுகளில் இருப்பது ஒரு ஆண்ட்ராய்டு போன். அதுவும் அப்பா கடலுக்குப் போகும் நாளில் அவர் கையோடு போய்விடும்.

போனில் பைத்தானுக்கு பைட்ராய்டு 3 என்ற செயலி இருக்கிறது. ஒரு முறை இறக்கிவிட்டால் அடிப்படைப் பாடங்களுக்கு இணையமே வேண்டாம். டேட்டா தீர்ந்த நாளிலும் எழுதலாம், ஓட்டலாம். இலவசப் பதிப்பில் விளம்பரம் வரும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். சி-க்கும் போன் செயலிகள் உண்டு. ஆனால் சி நிரலில் அடைப்புக்குறி, அரைப்புள்ளி, நெளிவு அடைப்பு, & என்று குறிகளே பாதி. போன் விசைப்பலகையில் ஒவ்வொன்றுக்கும் பக்கம் மாற்றி மாற்றிக் கட்டைவிரல் வலிக்கும். பைத்தானில் குறிகள் குறைவு. அதற்குப் பதில் வரியின் முன்னால் விடும் இடைவெளி சரியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இன்டென்டேஷன் எரர். செயலியே பெரும்பாலும் அந்த இடைவெளியை விட்டுக்கொடுத்துவிடும். ஓடிஜி கேபிள் ஒன்று வாங்கி, கிடக்கும் பழைய யுஎஸ்பி கீபோர்டைப் போனில் செருகிப் பாருங்கள். படிப்பே வேறு மாதிரி ஆகிவிடும். இந்தப் படிப்புக்கு நான் செலவு செய்யச் சொல்கிற ஒரே பொருள் அந்தக் கேபிள்தான்.

ஜாவாஸ்கிரிப்ட்டுக்குப் போனில் உலாவியே போதும் என்பார்கள். ஓட்டுவதற்குப் போதும். ஆனால் போனில் உள்ள குரோமில் பிழையைக் காட்டும் கன்சோல் கிடையாது. ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனால் வெள்ளைப் பக்கம்தான் வரும், என்ன தப்பு என்று தெரியாது. லேப்டாப்பில் எஃப் 12 அழுத்தினால் அந்தக் கவலை இல்லை.

வீட்டில் அரசு கொடுத்த பழைய லேப்டாப் இருந்தால் அதைத் தூசி தட்டுங்கள். 2011-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வந்தவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தையும் சேர்த்துப் போட்டுக் கொடுத்தார்கள். அந்த லினக்ஸ் பக்கம் யாரும் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் கட்டளை அடிக்கும் டெர்மினலைத் திறந்து 'பைத்தான்3' என்று அடித்தால், பல சமயம் எதுவும் நிறுவாமலே ஓடும். 'பைத்தான்' என்று மட்டும் அடித்தால் பழைய இரண்டாம் பதிப்பு திறக்கக்கூடும். அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஓடு முடிந்தது. அதில் 15000-ஐ 7-ஆல் வகுத்தால் சி போலவே 2142 தான் வரும், 'பிரின்ட்' எழுதும் முறையும் வேறு. புதிய பாடத்தைப் பார்த்துப் பழைய பதிப்பில் எழுதினால் குழப்பம்தான் மிஞ்சும்.

விண்டோஸ் 7 மட்டும் ஓடும் லேப்டாப் என்றால் இன்னொரு கண்ணி. பைத்தான் தளத்தின் முகப்பில் இருக்கும் புதிய பதிப்பை இறக்கினால் நிறுவ மறுக்கும். விண்டோஸ் 7-ஐ ஏற்கும் கடைசி வரிசை 3.8. அதைத் தேடி இறக்கிக்கொள்ளுங்கள். தொடக்கப் பாடத்துக்கு 3.8-இல் குறை ஒன்றும் தெரியாது.

"எனக்கு இங்கிலீஷ் வராதுண்ணே"

தமிழ் வழியில் படித்த பிள்ளைகளைக் கேள்வி கேட்கவே விடாமல் செய்வது இந்தப் பயம்தான். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பைத்தான் 3.8-இல் மொழிக்கே உரிய சிறப்புச் சொற்கள் 35. பழைய தர சி-யில் 32. தொடக்கத்தில் புழங்குவது பத்துப் பன்னிரண்டுதான். மீதியெல்லாம் நாம் வைக்கும் பெயர்கள். அவற்றைப் பைத்தான் 3-இல் தமிழிலேயே வைக்கலாம். விலை = 350, கிலோ = 120, வரவு = விலை * கிலோ என்று எழுதினால் அப்படியே ஓடும். வேலைக்குப் போகும் இடத்தில் ஆங்கிலப் பெயர்தான் வைப்பார்கள். அது அப்போது பார்த்துக்கொள்ளலாம். முதல் மாதத்தில் தன் பெயர்களோடு எழுதுகிற பிள்ளை நிரலை வாசித்துப் புரிந்துகொள்கிறது. 'எக்ஸ்', 'ஒய்' என்று வைத்தவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள்.

பிழைச் செய்திகள் ஆங்கிலத்தில்தான் வரும். சின்டாக்ஸ் எரர் என்றால் எழுதிய விதம் தவறு. நேம் எரர் என்றால் அந்தப் பெயர் அறிமுகமே ஆகவில்லை, பெரும்பாலும் எழுத்துப்பிழை. டைப் எரர் என்றால் எண்ணும் சரமும் கலந்துவிட்டது. நான்காவதாக அந்த இன்டென்டேஷன். ஆரம்பத்தில் வருவதில் பெரும்பகுதி இந்த நான்கில் அடங்கிவிடும்.

ஒரு வேடிக்கை. பைத்தானிடம் 'மீன்' என்ற சொல்லின் நீளம் என்ன என்று 'லென்' கட்டளையால் கேளுங்கள். 2 என்று வர வேண்டும் இல்லையா, 4 என்று சொல்லும். எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் ம, நெடில் 'ஈ' குறி, ன, புள்ளி என்று நான்கு தனித்தனி குறியீடுகளாக அது இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டும் 4 என்றே சொல்லும். யூனிகோடைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறைக் கோப்பில் சி-யைக் கேட்டால் 12 என்று சொல்லும், ஏனென்றால் அது பைட்டுகளை எண்ணுகிறது, ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். தமிழ் எழுத்தாகவே எண்ண ஓப்பன்-தமிழ் என்ற இலவசத் தொகுப்பு பைத்தானுக்கு உண்டு. சங்கிலி விளையாட்டு, சொல் விளையாட்டு மாதிரி ஏதாவது செய்து பார்க்க ஆசைப்படும் பிள்ளைக்கு இது நல்ல வாசல்.

அந்தத் தொகுப்பில் பணியாற்றிய முத்து அண்ணாமலை உருவாக்கியதுதான் 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழி. கட்டளைகளே தமிழில் இருக்கும். டோக்கன் நிரலின் ஒரு பகுதி எழிலில் இப்படி இருக்கும்:

கூண்டு = 3
@( கூண்டு == 0 ) ஆனால்
    பதிப்பி "டோக்கன் உண்டு"
இல்லை
    பதிப்பி "படகு கரையில்"
முடி

வாசித்த உடனே புரிகிறது அல்லவா? ஏழாம், எட்டாம் வகுப்பில் இருக்கும், ஆங்கிலத்தைக் கண்டால் ஒதுங்கும் பிள்ளைக்கு நிபந்தனை என்றால் என்ன, சுற்று என்றால் என்ன என்று புரியவைக்க எழில் அருமை. ஆனால் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் அதிலேயே நிற்கச் சொல்ல மாட்டேன். பாடங்களும் எடுத்துக்காட்டுகளும் குறைவு, சந்தேகம் வந்தால் தேடிக் கிடைப்பது கடினம். எழில் பைத்தானில் எழுதப்பட்டது, லேப்டாப்பில் பைத்தான் இருந்தால் எழிலையும் போட்டுக்கொள்ளலாம். அங்கிருந்து இங்கே நகர்வதும் எளிது.

சின்னவர்களுக்கு

ஸ்கிராட்ச் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2007-இல் அமெரிக்காவின் எம்ஐடி வெளியிட்டது, எட்டு வயது முதல் பதினாறு வரை உள்ளவர்களை மனதில் வைத்துச் செய்தது. எழுதவே வேண்டாம், வண்ணக் கட்டைகளை இழுத்துப் பொருத்தினால் போதும். அரைப்புள்ளி விட்டுப்போகிற தொல்லை இல்லை. ஒரு படகைத் திரையில் நகர்த்தி, கூண்டு ஏறினால் கரைக்குத் திரும்ப வைக்கலாம். பிள்ளைகள் அதை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். இணையம் இல்லாமல் ஓடும் பதிப்புக்கு விண்டோஸ் 10 வேண்டும். போனின் சின்னத் திரையில் கட்டைகளை இழுப்பது சிரமம், டேப்லெட் என்றால் பரவாயில்லை. பிளஸ் டூ முடித்தவர் ஸ்கிராட்சில் ஆரம்பித்தால் கேலி செய்ய ஒன்றுமில்லை. ஆனால் ஒரு வாரத்தில் சலித்துவிடும்.

ஜாவா? முதல் வரியை அச்சிடுவதற்கே கிளாஸ், பப்ளிக், ஸ்டாட்டிக் என்று புரியாத நாலைந்து சொற்களை நம்பி எழுத வேண்டும். இரண்டாவது மொழியாக வரட்டும்.

ஜாவாஸ்கிரிப்டை முற்றிலும் தள்ளிவிடவும் மனமில்லை. எழுதியதை உடனே பிறருக்குக் காட்ட வேண்டும் என்று துடிக்கிற பிள்ளைகள் உண்டு. அம்மா கடல்பாசி எடுக்கும் குழுவின் கணக்கை, காய்ந்த பாசி எத்தனை கிலோ, யாருக்கு எவ்வளவு பாக்கி என்று ஒரு பக்கமாகச் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அந்தப் பக்கத்தை எல்லோர் போனும் திறக்கும். பைத்தானில் செய்ததை அப்படி அனுப்ப முடியாது. லேப்டாப்பும் இந்த ஆர்வமும் இரண்டும் இருக்கிறவர் ஹெச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்டில் தொடங்கலாம், தடுக்க மாட்டேன். கூட்டும் முன் எண்ணாக மாற்ற மறக்காதீர்கள் என்பது மட்டும்தான் எச்சரிக்கை.

காசு கட்டும் முன்

தமிழில் படிக்க இடம் இருக்கிறது. மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியலில் சி, சி++ பாடங்கள் தமிழ்க் குரலில் சின்னச் சின்ன வீடியோவாக இருக்கின்றன. நெட் கிடைக்கும் இடத்தில் இறக்கி வைத்துக்கொண்டு வீட்டில் பார்க்கலாம். 2012 முதல் வரும் கணியம் தளத்தில் பைத்தான், லினக்ஸ் பற்றித் தமிழிலேயே நிறையக் கட்டுரைகள் உண்டு. பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகம் தமிழ் வழியிலேயே இருக்கிறது, பிடிஎஃப் ஆகவும் கிடைக்கும். என்னைக் கேட்டால் பைத்தானுக்கு முதல் புத்தகம் அதுவே போதும். கல்லூரியில் சேர்ந்துவிட்டால் 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் என்னென்ன பயிற்சி வருகிறது என்று துறையில் கேட்டுப் பாருங்கள்.

ஏஐ செயலியிடம் கேட்டால் படகுக் கணக்கை நொடியில் எழுதிக் கொடுத்துவிடும். எழுதித் தரச் சொல்லாதீர்கள். நீங்கள் எழுதியதில் வந்த பிழைச் செய்தியை ஒட்டி, "இது ஏன் வருது, தமிழ்ல சொல்லு" என்று கேளுங்கள். அந்த அளவுக்கு அது நல்ல துணை.

மையத்தில் சேர்ந்துதான் ஆக வேண்டும் என்று வீட்டில் பிடிவாதமாக இருந்தால், சேரும் முன் லேபை ஒரு முறை காட்டச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பையனை, மூன்று மாதத்தில் சி, சி++, ஜாவா, பைத்தான், ஹெச்டிஎம்எல் ஐந்தும் என்று சொல்லி ஒரு மையத்தில் சேர்த்தார்கள். ஐந்திலும் "ஹலோ வேர்ல்டு" வரை வந்தான். படகுக் கணக்கைக் கொடுத்தபோது எந்த மொழியிலும் அவனால் போட முடியவில்லை. ஒரே மொழியை மூன்று மாதம் சொல்லித் தருகிறோம், தினம் ஒரு மணி நேரம் நீயே தட்டச்சு செய்யணும் என்று சொல்லும் இடம் கிடைத்தால் சேருங்கள். திரையில் நீல நிறம் தெரிந்தால், 120-ஐயும் 350-ஐயும் பெருக்கிக் காட்டச் சொல்லிவிட்டு அதன்பிறகு ஃபீஸ் பற்றிப் பேசுங்கள்.